மசாஜ் செய்தால் டென்ஷன் குறையுமா, பர்ஸ் மட்டும்தான் குறையுமா?

ஜூன் 8 – கேள்வி

வயது 41. நாள் முழுக்கக் கணினி. பிடரியும் தோளும் எப்போதும் இறுகியே கிடக்கின்றன. மனைவியின் நச்சரிப்புக்காக ஒரு ஸ்பாவுக்குப் போனேன். ஒரு மணி நேரம், இரண்டாயிரத்துச் சொச்சம். வெளியே வந்தபோது நன்றாகத்தான் இருந்தது. மறுநாள் மதியச் சாப்பாட்டுக்குள் பழைய கதை. ஆக, மசாஜ் என்பது ஏசி அறையில் காசு கொடுத்துத் தூங்குவது. "மன அழுத்தம் நீங்கும், உங்கள் உடலை உணர்வீர்கள்" என்பதெல்லாம் போர்டில் எழுதுவதற்கான வாசகம். மறுப்பவர்கள் மறுக்கலாம்.

ஜூன் 8, இரவு 11.10 – பதில்

பாதி சரி. மறுநாள் மதியம் பழைய கதை எனக்கும் உண்டு. கோவையில் ஒரு ஆடிட்டர் ஆபீசில் வேலை செய்கிறேன். வருமான வரிக் கணக்குத் தாக்கலுக்கான ஜூலை 31 நெருங்க நெருங்க என் தோள் இரண்டும் காதை நோக்கி ஏறும். பல வருடமாக எண்ணெய் போட்டு உடம்பைப் பிடித்துவிடச் சொல்லிப் படுக்கிறேன், இறுக்கம் ஒரேயடியாகப் போனதே இல்லை. ஆனாலும் விடாமல் போகிறேன். காரணம் நீங்கள் சொல்லும் அந்த ஒரு மணி நேரத்துச் சுகம் மட்டும் இல்லை. நாளைக்கு எழுதுகிறேன், இப்போது கண் சொருகுகிறது.

ஜூன் 9, காலை

நான் போகும் இடத்தில் பிடித்துவிடுபவர் பாலக்காட்டுக்காரர். சேச்சி என்றுதான் கூப்பிடுவேன். ஆரம்ப காலத்தில் ஒரு நாள், மல்லாந்து படுத்திருந்த என் வலது கையைத் தூக்கி, "கைய விட்டுருங்க மேடம்" என்றார். விட்டாச்சு என்றேன். அவர் தன் கையை எடுத்துக்கொண்டார். என் கை அந்தரத்தில் அப்படியே நின்றது. இரண்டு பேரும் அதைப் பார்த்தோம். சேச்சி சிரிக்கவில்லை, எனக்குத்தான் சிரிப்பு வந்தது. தளர்த்திவிட்டேன் என்று நான் சத்தியம் செய்யத் தயாராக இருந்த கையை ஏதோ ஒரு தசை தூக்கிப் பிடித்துக்கொண்டிருந்திருக்கிறது.

"உடலை உணர்வீர்கள்" என்று போர்டில் பார்த்தால் உங்களுக்கு எரிச்சல். எனக்கும்தான். வாசகத்தை விடுங்கள், அதற்குள் இருக்கும் சங்கதி உண்மை. தசையும் மூட்டும் தங்கள் நிலையை மூளைக்கு ஓயாமல் சொல்லிக்கொண்டிருக்கின்றன என்று சார்ல்ஸ் ஷெரிங்டன் என்ற பிரிட்டிஷ் நரம்பியல் அறிஞர் 1906-லேயே எழுதிவிட்டார். ஆனால் மாறாமல் வந்துகொண்டே இருக்கும் சேதியை நாம் கவனிப்பதில்லை. காலையில் கட்டிய வாட்ச் மணிக்கட்டில் இருப்பது பத்து மணிக்கு மறந்துபோகிறது. வருடக்கணக்காகத் தூக்கியே வைத்திருக்கும் தோளும் அப்படித்தான் மறந்துபோகிறது. வலிக்கும்போதுதான் ஞாபகம் வரும். இன்னொருவர் கை வந்து அழுத்தினால், வலிப்பதற்கு முன்பே தெரிகிறது.

இதைத்தான் நான் காசு கொடுத்து வாங்குகிறேன். எங்கே இறுகியிருக்கிறேன் என்ற தகவல். தகவல் மறுநாள் மதியம் காலாவதியாவதில்லை.

ஜூன் 9, மதியம்

ஒரு சின்ன சோதனை. இதைப் படிக்கும் இந்த நொடியில் உங்கள் மேல்பல்லும் கீழ்ப்பல்லும் தொட்டுக்கொண்டிருக்கின்றனவா? பேசாமல், மெல்லாமல் சும்மா இருக்கும்போது தொடக் கூடாது. உதடு மூடியிருக்கும், பல் விலகியிருக்கும். அதுதான் தாடைக்கு ஓய்வு. காதுக்கு முன்னால் இருக்கும் தசையைச் சேச்சி விரலால் வட்டமாக அழுத்தும் வரை, பகல் முழுக்க நான் பல்லைக் கடித்துக்கொண்டிருப்பது எனக்குத் தெரியாது. கசங்கிய பில்களை மஞ்சள் பையில் கொட்டி எடுத்து வரும் வாடிக்கையாளர்களைப் பார்த்தால் யாருக்கும் பல்லைக் கடிக்கத் தோன்றும், அது வேறு.

ஜூன் 11, இரவு

"மசாஜ் செய்தால் கார்ட்டிசால் 31 சதவீதம் குறையும், இது அறிவியல்" என்று ஒரு நண்பர் போட்டிருக்கிறார். கார்ட்டிசால் என்பது மன அழுத்தத்தின்போது கூடும் ஹார்மோன். அந்த எண் எங்கிருந்து வந்தது என்று எனக்குத் தெரியும், ஏனென்றால் நானும் ஒரு காலத்தில் அதை வாட்ஸ்அப்பில் வாங்கி வாட்ஸ்அப்பில் விற்றவள். அமெரிக்காவில் மயாமி பல்கலைக்கழகத்தில் டிஃபனி ஃபீல்ட் என்ற உளவியலாளர் 1992-ல் தொடுதலை ஆராய்வதற்கென்றே ஒரு நிலையம் தொடங்கினார். அவரும் சகாக்களும் 2005-ல் வெளியிட்ட கட்டுரையில் இருக்கும் சராசரிதான் இந்த 31. ஸ்பா விளம்பரங்கள் அதைப் பிடித்துக்கொண்டன.

அதோடு நிறுத்திவிட்டார்கள். 2011-ல் கிறிஸ்டோபர் மோயரும் குழுவினரும் கிடைத்த ஆய்வுகளையெல்லாம் ஒப்பீட்டுக் குழுவோடு வைத்து மறுபடி கணக்குப் போட்டார்கள். மசாஜ் பெறாதவர்களுக்கும் அந்த நேரத்தில் கார்ட்டிசால் குறைந்திருந்தது. அதைக் கழித்தால் மிஞ்சியது மிகச் சொற்பம், பல இடங்களில் பூஜ்யத்திலிருந்து பிரிக்க முடியாத அளவு.

ஆனால் இதே மோயர் வேறு இருவரோடு சேர்ந்து 2004-ல் 37 ஆய்வுகளைத் தொகுத்தபோது, பதற்றம் குறைவது தெளிவாகவே தெரிந்தது. ஒரு முறை செய்தாலே அந்த நேரத்துப் பதற்றமும் இதயத் துடிப்பும் ரத்த அழுத்தமும் இறங்கின. தொடர்ந்து செய்துகொண்டவர்களுக்குச் சுபாவத்தில் ஊறிய பதற்றமும் மனச்சோர்வும் குறைந்தன, அதுவும் உளவியல் ஆலோசனையில் கிடைக்கும் பலனுக்குக் கிட்டத்தட்ட சமமாக. எங்கள் ஆபீஸ் பாஷையில் சொன்னால் பணம் வரவாகியிருக்கிறது, வவுச்சர்தான் சிக்கவில்லை. கார்ட்டிசால் என்ற வவுச்சர் போலி என்பதால் வரவே பொய் என்றாகிவிடாது.

ஜூன் 12

"நச்சுக் கழிவு வெளியேறும், அதனால் மசாஜுக்குப் பிறகு நிறையத் தண்ணீர் குடிங்க." இதை இந்தப் பக்கத்திலேயே மூன்று பேர் எழுதிவிட்டார்கள். தண்ணீர் குடியுங்கள், தாகம் எடுத்தால். கழிவை வெளியேற்றும் வேலையைச் சிறுநீரகமும் கல்லீரலும் யார் தயவும் இல்லாமல் செய்துகொண்டிருக்கின்றன.

ஜிம் போகிறவர்கள் சொல்லும், "பயிற்சியில் தசையில் சேர்ந்த லாக்டிக் அமிலத்தை மசாஜ் வெளியேற்றும்" என்ற கதையும் இதே வகை. உடற்பயிற்சி முடிந்த கொஞ்ச நேரத்தில் அது தானாகவே கரைந்துவிடும். கனடாவில் குவீன்ஸ் பல்கலைக்கழகத்தில் 2010-ல் முன்கைத் தசையை வைத்துச் சோதித்தார்கள். பயிற்சி முடிந்த கையோடு மசாஜ் செய்தால் அழுத்தத்தில் ரத்த ஓட்டம் தடைபட்டு அமிலம் போவது தாமதமாகிறது என்று வந்தது. அதாவது நேர் எதிர்.

ஜூன் 15, காலை

சலூனில் முடி வெட்டி முடித்ததும் தலையைப் பிடித்துவிடும் அந்த ஐந்து நிமிடம் எந்த ஸ்பாவையும் தோற்கடிக்கும் என்கிறார் திருச்சி நண்பர். பெண்களுக்கு அந்தக் கொடுப்பினை இல்லை, எங்களுக்குப் பார்லரில் ஹெட் மசாஜ் என்று தனி பில். ஆனால் அவர் சொல்வதில் விஷயம் இருக்கிறது.

முடி முளைக்கும் தோலில் ஒரு வகை மெல்லிய நரம்பிழைகள் இருக்கின்றன. சேதியை மிக மெதுவாகக் கடத்துபவை, நொடிக்கு ஒரு மீட்டர் அளவில்தான். எது தொட்டது, எங்கே தொட்டது என்று சொல்வதில் இவை மந்தம். மெதுவாக வருடினால் மட்டும் நன்றாக முழித்துக்கொள்ளும். நொடிக்கு 1 முதல் 10 சென்டிமீட்டர் வேகம் இவற்றுக்குப் பிடித்தது. அதைவிட வேகமாகத் தேய்த்தாலும், ஒரே இடத்தில் அசையாமல் வைத்தாலும் அவ்வளவு ஆர்வம் காட்டாது. தோலின் சூட்டிலேயே இருக்கும் கை வேண்டும், குளிர்ந்த கை என்றால் குறைவாகவே பேசும். ஸ்வீடனில் வால்போ, ஓலவ்சன் போன்றவர்கள் இதைப் பல வருடம் துருவினார்கள். இந்த நரம்பின் சேதி போய்ச் சேருவது மூளையில் உள்ளுறுப்புகளின் நிலையைக் கவனிக்கும் பகுதிக்கு. பசி, மூச்சுத் திணறல், நெஞ்சுப் படபடப்பு எல்லாம் பதிவாகும் அதே பகுதி.

இதைப் படித்த பிறகுதான் ஒன்று புரிந்தது. நல்ல கை என்று நாம் சொல்பவர்கள் எல்லாரும் மெதுவானவர்கள். நேரத்தைப் பார்த்துக்கொண்டு அவசரமாகத் தேய்ப்பவர் எவ்வளவு படித்திருந்தாலும் பயனில்லை.

ஜூன் 15, மாலை

ஸ்கேல் வைத்து நொடிக்கு 3 சென்டிமீட்டர் அளந்து பார்த்த நண்பரே, நீங்கள்தான் இந்த விவாத இழையின் நட்சத்திரம். உங்கள் மனைவி என்ன சொன்னார் என்பதையும் எழுதியிருக்கலாம்.

ஜூன் 17

தைலம் பற்றிக் கேட்டவருக்கு. பச்சைக் கற்பூரமோ மெந்தாலோ கலந்த தைலம் தடவினால் குளிர்கிறதே, உண்மையில் தோல் குளிர்வதில்லை. குளிரை அறியும் ஏற்பியை மெந்தால் நேரடியாகத் தட்டி எழுப்புகிறது. மிளகாய் சூட்டை அறியும் ஏற்பியைத் தட்டுவது போலத்தான். மிளகாயின் வழியைக் கண்டுபிடித்த டேவிட் ஜூலியஸும், அழுத்தத்தை உணரும் ஏற்பியைக் கண்டுபிடித்த ஆர்டெம் பட்டபூட்டியானும் 2021-ல் மருத்துவ நோபலைப் பகிர்ந்துகொண்டார்கள். தைலத்தில் தேய்ப்பதற்கும் பங்கு உண்டு: தொடுதல் சேதி முதுகுத் தண்டில் வலிச் சேதிக்கு வழி அடைக்கிறது என்று மெல்சாக், வால் என்ற இரண்டு ஆய்வாளர்கள் 1965-ல் சொன்னார்கள். முட்டி இடித்துக்கொண்ட குழந்தை யாரும் சொல்லித்தராமலே தேய்த்துக்கொள்கிறது.

ஜூன் 21, சனி

எந்த முறை நல்லது என்று சண்டை நடக்கிறது. எனக்குத் தெரிந்ததைக் கொட்டிவிடுகிறேன்.

ஸ்பாக்களில் ஸ்வீடிஷ் என்று எழுதியிருக்கும் வழிமுறையை 19-ம் நூற்றாண்டில் ஒழுங்குபடுத்தியவர் யோஹான் மெஸ்கர் என்ற டச்சு மருத்துவர். நீவுவது, பிசைவது, தேய்ப்பது, தட்டுவது. அவ்வளவுதான். தாய் மசாஜில் எண்ணெய் கிடையாது, உடையோடு பாயில் படுக்க வைத்து உங்களை மடக்கி நீட்டுவார்கள். பாங்காக்கில் வாட் போ கோவிலில் 1830-களில் மூன்றாம் ராமா அரசர் காலத்தில் உடம்பின் அழுத்தப் புள்ளிகளைக் கல்லில் வரைந்து பதித்தார்கள், இன்றும் அங்கேயே கற்றுத் தருகிறார்கள். 2019-ல் யுனெஸ்கோ பட்டியலிலும் சேர்ந்துவிட்டது.

நம்மிடம் இருப்பதை நாமே மறந்துவிட்டோம். சித்த மருத்துவத்தில் உடம்பு பிடித்துவிடுவதைத் தொக்கணம் என்று புறமருத்துவம் 32-ல் ஒன்றாகவே வைத்திருக்கிறார்கள். அதில் ஒன்பது வகை: தட்டல், இறுக்கல், பிடித்தல், முறுக்கல், கட்டல், அழுத்தல், இழுத்தல், மல்லாத்தல், அசைத்தல். தாம்பரம் சானடோரியத்தில் இருக்கும் தேசிய சித்த மருத்துவ நிறுவனத்தில் வர்மத்துக்கும் தொக்கணத்துக்கும் வெளிநோயாளிகள் வருகிறார்கள். வர்மம் கன்னியாகுமரிப் பக்கத்துச் சொத்து. உடம்பில் 12 படுவர்மம், 96 தொடுவர்மம், ஆக 108 புள்ளிகள். அடிக்கவும் தெரிய வேண்டும், இளக்கவும் தெரிய வேண்டும் என்பது ஆசான்மார் கணக்கு.

எல்லாவற்றிலும் என்னைக் கவர்ந்தது பாலக்காடு தாண்டினால் இருப்பது. கவிஞர் வள்ளத்தோள் 1930-ல் தொடங்கி, இப்போது செறுதுருத்தியில் இருக்கும் கேரள கலாமண்டலத்தில், கதகளி படிக்கும் பிள்ளைகளுக்கு மழைக்காலத்தில் விடியற்காலையில் உழிச்சல் நடக்கும். பையன் தரையில் எண்ணெயோடு படுத்திருப்பான். ஆசான் மேலே எதையாவது பிடித்துக்கொண்டு காலால் உழிவார். யாரும் அங்கே மன அமைதிக்காகப் படுப்பதில்லை. அரைமண்டியில் மணிக்கணக்காக நிற்க வேண்டிய உடம்பைத் திறந்துவிடுகிறார்கள். எந்த மூட்டு எவ்வளவு போகும் என்று அந்தப் பையனுக்குத் தெரிந்தாக வேண்டும். உடலை உணர்வது அங்கே தொழிலின் அடிப்படை, போர்டு வாசகம் இல்லை.

சண்டைக்கு என் தீர்ப்பு: முறையைவிடக் கை முக்கியம். ஒரே முறையில் தேர்ந்த இரண்டு பேரிடம் போய்ப் பாருங்கள், தெரியும்.

ஜூன் 22

காலால் உழிவது என்றதும் எல்லாருக்கும் அவரவர் தாத்தா ஞாபகம் வந்துவிட்டது போல. எங்கள் வீட்டிலும் அதே. தாத்தா குப்புறப் படுத்து, "கண்ணு, ஏறி மிதி" என்பார். சுவரைப் பிடித்துக்கொண்டு நடப்போம். எடை கூடிய பேரனுக்கு வேலை போய்விடும், அடுத்தவனுக்கு வரும். கூலி கடலை மிட்டாய். நான் ரிட்டயர் ஆனது எந்த வகுப்பில் என்று சொல்ல மாட்டேன்.

ஜூன் 29, இரவு

இந்த இழையில் இதுவரை நான் எழுதியதற்கு ஒரு எல்லை போட வேண்டும். ஒரு வாசகி தனிச் செய்தியில் எழுதியிருந்தார். மங்கலான விளக்கு, மெல்லிய இசை, கண்ணை மூடிப் படுத்ததும் அவருக்கு நெஞ்சு அடித்துக்கொள்ள ஆரம்பித்துவிட்டது. பாதியில் எழுந்து வந்துவிட்டார். "உடம்பைக் கவனிக்கக் கவனிக்கப் பயம்தான் கூடுகிறது, எனக்கு என்ன கோளாறு?"

கோளாறு இல்லை. 1981-ல் ரைனர் ஷாண்ட்ரி என்ற ஜெர்மானியர் ஒரு எளிய சோதனை வைத்தார். நாடியைத் தொடாமல், குறிப்பிட்ட நேரத்துக்குள் உங்கள் இதயம் எத்தனை முறை துடித்தது என்று எண்ணிச் சொல்ல வேண்டும். எங்கள் ஆபீசில் டீ நேரத்தில் செய்து பார்த்தோம். பேலன்ஸ் ஷீட்டில் ஒரு ரூபாய் உதைத்தால் மோப்பம் பிடிப்பவர், "எனக்கு இதயமே இல்லீங்க" என்று கையை விரித்தார். எனக்கும் பெரிய மார்க் இல்லை. பீதி தாக்கும் பழக்கம் உள்ளவர்களுக்கோ துடிப்பு கேட்டுக்கொண்டே இருக்கும், ஒவ்வொரு துடிப்புக்கும் "ஏதாவது ஆகிவிடுமோ" என்ற அர்த்தமும் கூடவே வரும். அவர்களுக்குக் குறைச்சல் கவனம் இல்லை, கவனத்தோடு ஒட்டிக்கொண்ட அச்சம். அவர்களிடம் போய் "உள்ளே கவனியுங்கள்" என்பது தவறான மருந்து.

அந்த வாசகிக்கு எழுதியது: படுக்க வேண்டாம், நாற்காலியில் உட்காருங்கள். கண் திறந்தே இருக்கட்டும். பாதத்தில் மட்டும் தொடங்கச் சொல்லுங்கள், உடையோடு. விளக்கு எரியட்டும், பாட்டை நிறுத்தச் சொல்லுங்கள், பேசிக்கொண்டே இருங்கள். பிடிக்காத நொடியில் "போதும்" என்று சொல்ல முடிகிறதா என்று பாருங்கள். அந்த "போதும்" மதிக்கப்பட்டால் மேலே போகலாம். யாரோ அனுமதியில்லாமல் தொட்ட அனுபவத்தைச் சுமப்பவர்களுக்கு இது இன்னும் பெரிய விஷயம். அவர்கள் மனநல மருத்துவரிடம் பேசிவிட்டுத் தொடங்குவது நல்லது.

ஜூலை 5

அம்மாவுக்கு எண்பதை நெருங்குகிறது. முட்டிக்குக் கொட்டஞ்சுக்காதி தைலம் போட்டுவிடுவேன். முட்டி வலி அதனால் குறைந்ததா என்று கேட்டால் அம்மா உதட்டைப் பிதுக்குவார். ஆனால் தைலக் கிண்ணத்தோடு நான் வரும் நேரம் தெரிந்து சேலையை முட்டி வரை ஏற்றி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்.

நம் ஊரில் வயதானவர்களை யார் தொடுகிறார்கள் என்று யோசித்துப் பாருங்கள். பிறந்த குழந்தையைக் காலில் போட்டு எண்ணெய் தேய்த்து மூக்கு நீவிக் குளிப்பாட்ட ஒரு பாட்டி வருகிறார். பள்ளிக்கூடம் போகும் வரை மடி, முத்தம், இழுப்பு. அப்புறம் படிப்படியாக நின்றுபோகிறது. கட்டிப்பிடிக்கும் பழக்கம் நமக்குக் கிடையாது, கால் தொட்டுக் கும்பிடுவதோடு சரி. துணை போய்விட்டால், ஊசி போடும் நர்ஸைத் தவிர மாதக்கணக்காக ஒரு கை படாமல் வாழும் கிழவிகள் நம் தெருவிலேயே இருக்கிறார்கள்.

குழந்தைக்கு எண்ணெய்க் குளியல் வெறும் சம்பிரதாயம் என்று இங்கே ஒருவர் எழுதினாரே, அவருக்கு: மேலே சொன்ன டிஃபனி ஃபீல்ட் 1986-ல் குறைமாதக் குழந்தைகளிடம் செய்த ஆய்வு பிரபலம். ஒரு தடவைக்கு 15 நிமிடம், தினம் மூன்று தடவை, பத்து நாள் நீவி, கைகால்களை அசைத்துவிட்டார்கள். அந்தக் குழந்தைகள் மற்றவர்களைவிட 47 சதவீதம் கூடுதல் வேகத்தில் எடை போட்டன. அதற்காக நம் பாட்டிகள் செய்வதெல்லாம் சரி என்று நான் சொல்லவில்லை. மூக்கிலும் காதிலும் எண்ணெய் விடுவதைக் குழந்தை மருத்துவர்கள் கூடாது என்கிறார்கள், கேட்பது நல்லது.

ஜூலை 6

திசை மாறிப் போனாலும் இதைச் சொல்லிவிடுகிறேன். தென் கொரியாவில் மசாஜ் தொழிலுக்கான உரிமம் பார்வையற்றவர்களுக்கு மட்டும்தான். வழக்குப் போய், 2008-ல் அரசமைப்பு நீதிமன்றம் அந்தச் சட்டம் செல்லும் என்றது. ஜப்பானிலும் 17-ம் நூற்றாண்டிலேயே பார்வையற்ற சுகியாமா வாயிச்சி தன்னைப் போன்றவர்களுக்கு ஊசி வைத்தியமும் உடம்பு பிடித்துவிடவும் கற்றுத்தரும் பள்ளிகளைத் தொடங்கினார். விரலால் பார்க்கத் தெரிந்தவர்களிடம் ஒப்படைத்தது நியாயமாகப்படுகிறது. மற்றவர்கள் பிழைப்பை இழப்பது நியாயமா என்ற வாதமும் எனக்குப் புரிகிறது.

ஜூலை 13

பத்திரம் பற்றி யாரும் வாய் திறக்காததால் நான் திறக்கிறேன்.

கழுத்தைச் சடாரென்று திருப்பிச் சொடக்கு எடுக்க யாரையும் விடாதீர்கள். மூளைக்குப் போகும் இரண்டு ரத்தக் குழாய்கள் கழுத்தெலும்பின் ஓட்டைகள் வழியாக ஏறுகின்றன. திடீர்த் திருப்பலில் உட்சுவர் கிழிந்தால் பக்கவாதம் வரை போகும். ஒரு சலூனில் என் அண்ணனுக்குக் கேட்காமலே திருப்பிவிட்டார்கள், ஒரு வாரம் தலைசுற்றலோடு நரம்பியல் மருத்துவரிடம் அலைந்தோம். நல்லவேளை, ஸ்கேனில் ஒன்றும் இல்லை.

ஒரு கால் மட்டும் வீங்கி, கெண்டைக்காலில் வலியும் சூடும் இருந்தால் பிடித்துவிடச் சொல்லாதீர்கள். ரத்தக் கட்டியாக இருந்தால் அது நகர்ந்து நுரையீரலுக்குப் போகலாம். நீண்ட பஸ், விமானப் பயணம், பிரசவம், அறுவை சிகிச்சை இவற்றுக்குப் பிறகு கூடுதல் கவனம். ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை எடுப்பவர்களுக்கு ஆழ அழுத்தம் கூடாது. காய்ச்சலில் வேண்டாம். சர்க்கரையால் பாதம் மரத்தவர்களுக்குச் சூடான ஒத்தடம் வேண்டவே வேண்டாம், தோல் வெந்தாலும் தெரியாது. எலும்பு முறிவா சுளுக்கா என்று எக்ஸ்ரே சொல்லட்டும், அப்புறம் சுளுக்கு எடுப்பவரிடம் போகலாம்.

"வலித்தால்தான் பலன்" என்பதும் எனக்கு ஒப்பவில்லை. வலிக்கும்போது உடம்பு தன்னைக் காத்துக்கொள்ள இறுக்கிக்கொள்ளும். மூச்சு நின்றால் அழுத்தம் அதிகம் என்று அர்த்தம். சேச்சி என் முகத்தைப் பார்ப்பதில்லை, வயிறு ஏறி இறங்குவதைத்தான் பார்க்கிறார்.

ஜூலை 27

உயிரோடு இருக்கிறேன். இன்னும் ஒரு மஞ்சள் பை பாக்கி. பல் விலகித்தான் இருக்கிறது, இப்போதுதான் பார்த்தேன்.

ஆகஸ்ட் 2

முடிந்தது. தூங்கினேன்.

"நானே பிடித்துக்கொண்டால் ஏன் அந்தச் சுகம் இல்லை?" என்று கேட்டவருக்கு நல்ல பதில் இருக்கிறது. தன்னைத்தானே கிச்சுகிச்சு மூட்ட முடியாது அல்லவா, அதே காரணம். நம் கை எங்கே போகப்போகிறது என்று சிறுமூளைக்கு முன்கூட்டியே தெரியும், எதிர்பார்த்த தொடுதலை அது தணித்துவிடுகிறது. லண்டனில் சாரா ஜெயின் பிளேக்மோரும் குழுவினரும் 1998-ல் மூளைப் படம் எடுத்துக் காட்டினார்கள். இன்னொருவர் கை கொஞ்சம் எதிர்பாராதது, அதனால் கேட்கிறது.

அதற்காகச் சுயமாகச் செய்வது வீண் இல்லை. சிகாகோ மருத்துவர் எட்மண்ட் ஜேக்கப்சன் 1920-களில் கற்பித்த வழி தொடுதலே இல்லாதது: ஒரு தசையை வேண்டுமென்றே இறுக்கு, இறுகினால் எப்படி இருக்கிறது என்று நன்றாகப் பார், பிறகு விடு. மிச்ச இறுக்கத்தோடு வாழ்ந்து பழகியவர்களுக்கு அது இறுக்கம் என்றே தெரியாது என்பது அவர் சொன்னது. அந்தரத்தில் நின்ற என் கையை அவர் பார்த்திருந்தால் உதாரணத்துக்கு எடுத்திருப்பார். நான் கணினியில் ஒரு ரிட்டர்ன் தாக்கல் ஆகச் சுற்றிக்கொண்டிருக்கும்போது தோளைக் காது வரை தூக்கி, பிடித்து, விடுகிறேன். வருமான வரி சர்வர் எனக்கு இதற்குத் தாராளமாக நேரம் தருகிறது.

மசாஜ் கன் வாங்கலாமா என்றால், தொடைக்கும் பிட்டத்துக்கும் பரவாயில்லை. கழுத்தின் முன்பக்கம், முதுகெலும்பு மேல் வைக்காதீர்கள். எங்கள் வீட்டில் அதை அதிகம் பயன்படுத்துவது நாய்க்கு.

ஆகஸ்ட் 5

கேள்வி கேட்டவர் திரும்பி வந்திருக்கிறார். இரண்டாவது முறை போனாராம், இந்த முறை தூங்காமல் கவனித்தாராம். இடது தோள் வலதைவிட மேலே நிற்பதாகப் பிடித்துவிட்டவர் சொல்ல, வீட்டுக்கு வந்து கண்ணாடியில் பார்த்தால் உண்மை. லேப்டாப் பையை எந்தத் தோளில் மாட்டுகிறார் என்று சொல்லவில்லை, ஊகிக்கலாம். "இப்போதும் மதியத்துக்குள் இறுகுகிறது, ஆனால் இறுகுவது தெரிகிறது. இது முன்னேற்றமா தண்டனையா?" என்கிறார். இரண்டும்தான் சார். தோள் இறுகுவது காலை மீட்டிங்கிலா மெயில் பார்க்கும்போதா என்று அடுத்து பாருங்கள். மேலதிகாரி காரணம் என்றால் எண்ணெய் எவ்வளவு ஊற்றினாலும் பத்தாது, அதை வேறு விதமாகத்தான் தீர்க்க வேண்டும்.

இடம் தேர்வு பற்றிக் கேட்டிருந்தார். என் அளவுகோல்கள்: முதலில் உங்கள் உடல்நிலை பற்றிக் கேட்கிறார்களா. எவ்வளவு அழுத்தம் போதும் என்று நடுவில் விசாரிக்கிறார்களா. பெண்களுக்குப் பெண், கதவுக்கு உள்தாழ் உண்டா, துண்டு துவைத்ததா. "பத்து செஷன் பேக்கேஜ் எடுத்தால் தள்ளுபடி" என்று வாசலிலேயே பிடித்தால் வந்த வழியே திரும்பிவிடுங்கள். சித்த மருத்துவம் படித்தவரோ பிசியோதெரபிஸ்டோ இருந்தால் நல்லது, இல்லாவிட்டாலும் கூடாததைக் கூடாது என்று சொல்லத் தெரிந்தவராக இருக்க வேண்டும்.

எண்ணெய் எது என்று இன்னும் சண்டை ஓயவில்லை. வெயில் காலத்தில் எனக்குத் தேங்காய் எண்ணெய், மற்ற நாளில் நல்லெண்ணெய், வெதுவெதுப்பாக. அதில் எதைக் காய்ச்சினார்கள் என்பதைவிடக் கை வழுக்கிப் போகிறதா என்பதுதான் எனக்குக் கணக்கு. வைத்தியர்கள் கோபித்துக்கொள்ளலாம். பிசுக்குப் போகச் சீயக்காயும் கடலை மாவும் போதும். ஆனால் தலையணை உறையில் ஏறிய எண்ணெய்க்கு யாராவது வழி சொல்லுங்கள், சோடா உப்பு போட்டுப் பார்த்தாகிவிட்டது, போகவில்லை.